சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுக்கும் முன்: வெட்டிங் செய்வது எப்படி?

இந்தோனேசியாவின் கலிமந்தான் கரையோரத்தில் 50,000 டன் நிலக்கரி ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவர ஒரு கப்பல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கரிடம் சொன்னால் ஓரிரு நாளில் நான்கைந்து பெயர்கள் வந்துவிடும். எல்லாம் சூப்பராமாக்ஸ் என்ற நடுத்தர அளவு வகை, எல்லாவற்றிலும் நான்கு கிரேன், எல்லாமே கேட்ட தேதிக்கு வரும். அவற்றில் ஒன்று மட்டும் டன்னுக்கு அரை டாலர் குறைவாகக் கேட்கிறது. மொத்தத்தில் 25,000 டாலர் மிச்சம். அந்தக் கப்பல் ஏன் மலிவாகக் கிடைக்கிறது, அந்த மலிவில் நம் தலையில் ஏறும் ஆபத்து எவ்வளவு என்று பேரம் முடிவதற்குள் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் கப்பல் தொழிலில் வெட்டிங் என்று பெயர்.

கப்பலைக் கடலில் ஓடத் தகுதியான நிலையில் தருவது ஓனரின் கடமை. ஜென்கான், நியூயார்க் புரொடியூஸ் போன்ற எந்த ஒப்பந்தப் படிவத்தை எடுத்தாலும் அடிப்படை இதுதான். கப்பல் பதிவாகியுள்ள கொடி நாடு சான்றிதழ் தருகிறது, கிளாஸ் நிறுவனம் சோதிக்கிறது, துறைமுக அதிகாரி ஏறிப் பார்க்கிறார். இத்தனை பேர் பார்த்த கப்பலை வாடகைக்கு எடுக்கிறவர் எதற்காக மறுபடியும் பார்க்க வேண்டும்?

இதற்குப் பதில் 1999 டிசம்பர் 12 அன்று பிரான்ஸின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால் கிடைத்தது. ஏறக்குறைய 31,000 டன் கனரக எரியெண்ணெயுடன் போன எரிக்கா என்ற டேங்கர் புயலில் இரண்டாக முறிந்தது. சுமார் 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்து நானூறு கிலோமீட்டர் கரை நாறிப்போனது. 1975-இல் கட்டிய கப்பல், மால்டா கொடி, கையில் செல்லுபடியாகும் சான்றிதழ்கள். அதை வாடகைக்கு எடுத்திருந்தது டோட்டல் எண்ணெய்க் குழுமம். சொந்தமாகவே வெட்டிங் முறை வைத்திருந்த நிறுவனம் அது. வழக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. ஓனர், மேனேஜர், கிளாஸ் நிறுவனம் ஆகியோருடன் டோட்டலையும் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பை 2012 செப்டம்பர் 25 அன்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெட்டிங் செய்யாததற்கான தண்டனை அல்ல இது. தானே ஏற்படுத்திக்கொண்ட சோதனையைக் கவனக்குறைவாகச் செய்ததற்கான தண்டனை. வெறும் டிக் அடித்து முடிக்கும் வெட்டிங், செய்யாமல் விடுவதைவிட மோசமாகவும் போகலாம்.

சட்டம் தொடாத இடத்திலும் பெயர் கெடும். 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் பவளத்திட்டில் ஏறி நின்ற வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் ஜப்பானின் நாகாஷிகி நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆனால் உலகச் செய்திகளில் அதிகம் அடிபட்டது, அதை வாடகைக்கு எடுத்திருந்த மிட்சுய் ஓஎஸ்கே லைன்ஸின் பெயர். அந்த நிறுவனம் சட்டப் பொறுப்பு இல்லாத நிலையிலும் 100 கோடி யென் ஒதுக்குவதாக அறிவிக்க வேண்டிவந்தது.

முதலில் கப்பல் யார் என்று பார்

பெயரை நம்பித் தேடக் கூடாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன. ஒரே கப்பலும் பல பெயர்களில் ஓடியிருக்கும். மாறாதது ஐஎம்ஓ, அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண் ஒன்றுதான். அந்த எண்ணிலேயே ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கத்தோடு பொருந்த வேண்டும். 9074729 என்ற எண்ணுக்கு 63+0+35+16+21+4 = 139. கடைசி இலக்கம் 9, ஏழாவது இலக்கமும் 9. புரோக்கர் மின்னஞ்சலில் இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். தடைப்பட்டியலில் இருக்கும் கப்பல்கள் வேறொரு கப்பலின் எண்ணைப் போட்டுக்கொண்டு திரிவதும் உண்டு. அதனால் எண் சரியா என்று பார்த்தபின், அந்த எண்ணுக்குரிய நீளம், கட்டிய ஆண்டு, கட்டிய தளம் ஆகியவை நமக்கு வந்த விவரங்களோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

எக்வாசிஸ் என்ற தளத்தில் பதிவுசெய்துகொண்டால் எந்தக் கப்பலின் எண்ணைத் தட்டியும் இலவசமாகப் பார்க்கலாம். ஓனர், மேனேஜர், கொடி, கிளாஸ், காப்பீட்டுக் கிளப், துறைமுகச் சோதனைகள் எல்லாம் அதில் உண்டு. புதிதாகக் கற்பவர் வேறெதுவும் வாங்காமல் இந்த ஒரு தளத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது இன்றைய நிலையை மட்டும் அல்ல. மாறியவற்றை, அவை மாறிய தேதிகளோடு படிக்க வேண்டும். பழைய பைக் வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை கை மாறியிருக்கிறது என்று பார்ப்பதைப் போன்றதுதான் இது.

பெயர் மாறுவது குற்றம் இல்லை, ஓனர் மாறுவதும் சாதாரணம். ஆனால் பத்து மாதத்துக்குள் பெயர், கொடி, கிளாஸ், மேனேஜர் நான்கும் மாறியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதிலும் கிளாஸ் மாறிய தேதி ஐந்தாண்டுச் சோதனைக்குச் சற்று முன்னதாக விழுந்திருந்தால், பழைய கிளாஸ் என்ன பழுதுபார்க்கச் சொன்னது என்று கேட்டே தீர வேண்டும். எரிக்கா என்பது அந்தக் கப்பலுக்கு எட்டாவது பெயர். முறிவதற்கு முந்தைய ஆண்டுதான் அது பீரோ வெரிட்டாஸ் கிளாஸிலிருந்து ரீனாவுக்கு மாறியிருந்தது. இந்த இரண்டு செய்திகளும் முன்கூட்டியே எவரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் கிடந்தன.

காகிதங்கள்: கேட்பது எளிது, படிப்பது கடினம்

கிளாஸ் என்பது கப்பலின் உடலையும் இயந்திரங்களையும் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனம். லாயிட்ஸ் ரெஜிஸ்டர், டிஎன்வி, ஏபிஎஸ், கிளாஸ்என்கே, நம் நாட்டின் இண்டியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் உட்படப் பன்னிரண்டு நிறுவனங்கள் ஐஏசிஎஸ் என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. இந்தப் பன்னிரண்டுக்கு வெளியே உள்ள கிளாஸ் என்றால் கப்பலை வாடகைக்கு எடுக்கும் சார்ட்டரர்களில் பெரும்பாலோர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்துவதே சரி.

‘கிளாஸில் இருக்கிறது’ என்ற சான்றிதழ் மட்டும் போதாது. கிளாஸ் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் என்ற முழு அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் இந்த வாரத் தேதியிட்டதாக. முதலில் கண்டிஷன் ஆஃப் கிளாஸ் என்ற பகுதியைத் திறக்கவும். ‘மூன்றாவது ஹோல்டில் (சரக்கு அறையில்) ஃபிரேம் (பக்கச்சட்டம்) விரிசல், தற்காலிகப் பழுது செய்யப்பட்டது, இந்தத் தேதிக்குள் நிரந்தரப் பழுது’ என்பதுபோல அதில் வரிகள் இருக்கும். கொடுத்த கெடு நம் பயணத்தின் நடுவில் முடிகிறதா? அந்த ஹோல்டில்தான் நம் சரக்கு ஏறப்போகிறதா? ஒரு கெடு ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டதா? இவற்றைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சரக்குக் கப்பலுக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை, இடைப்பட்ட காலத்தில் ஒன்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய சோதனை என்று சுற்று ஓடுகிறது. பெரிய சோதனைக்கு இரண்டு மாதமே இருக்கும் கப்பலில் ஓனர் செலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அதே அறிக்கையில் கப்பலை நிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டிகளின் பெயிண்ட் நிலை குட், ஃபேர், புவர் என்று மூன்று தரமாக எழுதப்பட்டிருக்கும். பெயிண்ட் போன இடத்தில் உப்புத்தண்ணீர் எஃகைத் தின்கிறது. புவர் என்று வந்த தொட்டியை ஆண்டுதோறும் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பல தொட்டிகள் அந்த நிலையில் இருந்தால் தகட்டுத் தடிமன் அளவீட்டு அறிக்கையையும் கேட்கவும்.

அடுத்தது போர்ட் ஸ்டேட் கண்ட்ரோல். ஒவ்வொரு துறைமுக நாடும் தன்னிடம் வரும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம். ஐரோப்பாவுக்குப் பாரிஸ் உடன்பாடு, ஆசிய பசிபிக்குக்கு டோக்கியோ உடன்பாடு, இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளுக்கு இந்தியப் பெருங்கடல் உடன்பாடு என்று வட்டார வாரியாகப் பதிவுகள் உள்ளன. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 10 என்றால் சரிசெய்தாயிற்று, 17 என்றால் கிளம்புமுன் சரிசெய், 30 என்றால் கப்பலைப் பிடித்துவைத்தாயிற்று.

புதியவர்கள் செய்யும் தவறு, 30 இருக்கிறதா என்று மட்டும் தேடுவது. ஒருமுறை பிடிபட்டு, காரணத்தைக் கண்டு, திருத்திய ஆதாரத்தை அனுப்பும் மேனேஜர் நல்ல மேனேஜராகவும் இருக்கலாம். அதைவிட ஆபத்தான அறிகுறி, சின்னக் குறைகள் திரும்பத் திரும்ப வருவது. ஒரு துறைமுகத்தில் தீத்தடுப்பு மூடி துருப்பிடித்து அசையவில்லை, நான்கு மாதம் கழித்து வேறொரு துறைமுகத்தில் அவசரத் தீயணைப்புப் பம்பு ஓடவில்லை, அடுத்ததில் மீண்டும் அதே மூடி என்றால் அந்தக் கப்பலில் பராமரிப்புத் திட்டம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. எந்தத் துறைமுகம் என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் குறையே இல்லாமல் வெளியே வந்த ஒரு சோதனைக்கு, கண்டும் காணாமல் விடும் துறைமுகங்களின் ஐந்து சுத்தமான சோதனைகளைவிட மதிப்பு அதிகம். ஆஸ்திரேலிய அதிகாரிகள் மோசமான கப்பல்களைத் தங்கள் துறைமுகங்களுக்குள் மாதக்கணக்கில் வரவிடாமல் தடைசெய்வதும் உண்டு. அப்படி ஒரு தடை வரலாற்றில் இருந்தால் அந்தக் கப்பலை மட்டும் அல்ல, அதே மேனேஜரின் மற்றக் கப்பல்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டைச் சரிபார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைக்கூடச் செய்யாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். கப்பலால் பிறருக்கு விளையும் நஷ்டத்தை, அதாவது எண்ணெய்க் கசிவு, மூழ்கிய கப்பலை அகற்றும் செலவு, மாலுமிகளின் உயிரிழப்பு முதலியவற்றை ஏற்பது பி அண்ட் ஐ கிளப். இன்டர்நேஷனல் குரூப் என்ற அமைப்பின் பன்னிரண்டு கிளப்புகள் உலகக் கடல் கப்பல் கொள்ளளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைக் காப்பீடு செய்கின்றன. ஓனர் அனுப்பும் சான்றிதழின் நகலை நம்பாமல், கிளப்பின் சொந்தத் தளத்தில் கப்பலின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். 2009 செப்டம்பரில் ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு அருகே பிளாக் ரோஸ் என்ற கப்பல் இரும்புத்தாதுத் தூளுடன் கவிழ்ந்தபோது, அதன் காப்பீட்டுக் காகிதம் போலி என்று தெரியவந்தது.

மேனேஜரைப் பற்றி ஒரு விஷயம். கப்பல் ஓனர் என்று எழுதப்பட்டிருக்கும் நிறுவனம் பெரும்பாலும் அந்த ஒரு கப்பலுக்காகவே தொடங்கிய தபால் பெட்டிக் கம்பெனி. உண்மையில் மாலுமிகளை நியமிப்பதும், உதிரிபாகம் வாங்குவதும், பழுதுக்குப் பணம் விடுவதும் டெக்னிக்கல் மேனேஜர்தான். ஐஎஸ்எம் என்ற கப்பல் பாதுகாப்பு நிர்வாக விதிப்படி மேனேஜர் நிறுவனத்துக்கு ஒரு சான்றிதழும் கப்பலுக்கு ஒரு சான்றிதழும் உண்டு. மேனேஜர் மாறினால் கப்பலுக்கு ஆறு மாதம் மட்டும் செல்லும் இடைக்காலச் சான்றிதழ் தரப்படும். அதை வைத்து ஓடும் கப்பலில் புது மாலுமிகள் புது நடைமுறைகளை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மறுக்க அது மட்டுமே போதாது, ஆனால் மற்றக் கேள்விகளின் எடையைக் கூட்டிவிடும்.

வயதை வைத்து முடிவெடுக்காதே

எத்தனை வயதுவரை எடுக்கலாம் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. வயது ஏறினால் எஃகு தேய்வதும், விலை குறைந்து சின்ன முதலாளிகள் கைக்குப் போவதும் உண்மைதான். 1984-இல் கட்டிய ராக் கேரியர், இந்தோனேசியாவிலிருந்து ஏறத்தாழ 60,000 டன் நிலக்கரியுடன் குஜராத் வரும் வழியில் 2011 ஆகஸ்ட் 4 அன்று மும்பைக்கு அப்பால் மூழ்கியது. முப்பது மாலுமிகளும் காப்பாற்றப்பட்டார்கள். 1993-இல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டிப் பிறகு இரும்புத்தாதுக்கு மாற்றிய ஸ்டெல்லார் டெய்சி 2017 மார்ச் 31 அன்று தென் அட்லாண்டிக்கில் போனது. 24 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே 44 உயிர்களோடு மறைந்த பிரிட்டனின் டெர்பிஷைருக்கு வயது நான்கு. 2015 ஜனவரி 2 அன்று மலேசியாவின் குவாந்தானில் பாக்சைட் ஏற்றிவந்து வியட்நாமுக்கு அப்பால் கவிழ்ந்து 18 பேரைப் பலிகொண்ட பல்க் ஜுபிட்டர் 2006-இல் கட்டியது. 2017 அக்டோபரில் நிக்கல் தாதுடன் மூழ்கி 10 இந்திய மாலுமிகளைக் கொண்டுபோன எமரால்டு ஸ்டார் 2010-இல் கட்டியது. 2021-இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய கண்டெய்னர் கப்பலான எக்ஸ்பிரஸ் பேர்ல், கடலுக்கு வந்து சில மாதங்களே ஆனது. அதில் ஒரு கண்டெய்னரிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது.

பல்க் ஜுபிட்டரையும் எமரால்டு ஸ்டாரையும் கவிழ்த்தது சரக்கு. ஈரம் மிகுந்த தாதுத்தூள் கப்பலின் ஆட்டத்தில் குழம்பாகி ஒரு பக்கம் ஓடும். கப்பல் சாயும், திரும்ப நிமிராது. அதனால் ‘நல்ல கப்பலா’ என்று தனியாகக் கேட்பதில் பயன் இல்லை. இந்தச் சரக்குக்கு, இந்த வழியில், இந்தப் பருவத்தில் நல்ல கப்பலா என்று கேட்க வேண்டும்.

நிக்கல் தாது, பாக்சைட், இரும்புத்தாதுத் தூள் போன்றவற்றுக்கு, சரக்கு எவ்வளவு ஈரம்வரை பாதுகாப்பானது என்ற வரம்பு உண்டு. டிஎம்எல் என்பார்கள். அந்த வரம்பைச் சோதித்த சான்று ஆறு மாதத்துக்கு உட்பட்டதாகவும், சரக்கில் இப்போது உள்ள ஈரத்தைச் சொல்லும் சான்று ஏற்றுவதற்கு ஏழு நாளுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். இடையில் மழை பெய்தால் மறுபடியும் சோதிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கப்பலிலேயே ஒரு டப்பாவில் பாதியளவு தாதை நிரப்பி, கெட்டியான தரையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை தட்டிப் பார்ப்பார்கள். மேலே தண்ணீர் ஊறினால் ஏற்றுவதை நிறுத்தி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் ஊறவில்லை என்பதால் சரக்கு பத்திரம் என்று ஆகிவிடாது. அந்தச் சோதனை ஆபத்தைக் காட்டலாம், பாதுகாப்பை நிரூபிக்காது.

நம் நிலக்கரிக்கு வருவோம். கலிமந்தான் நிலக்கரி தானாகவே சூடேறும் குணமுள்ளது. ஏற்றும்போதே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நிலக்கரியை ஏற்கக் கூடாது என்பது சர்வதேச விதி. வெட்டிங்கில் இதற்காகக் கேட்க வேண்டியவை சில. ஹோல்டுக்குள் இறங்காமலே மீத்தேன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் அளக்கும் கருவி கப்பலில் உண்டா, அது கடைசியாக எப்போது அளவுசரி பார்க்கப்பட்டது? ஹோல்டின் அடியில் தேங்கும் தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் வசதி உண்டா? நிலக்கரி ஏற்ற அனுமதிக்கும் சான்றிதழில் எல்லா ஹோல்டுகளும் வருகின்றனவா, ஓரிரண்டு விடுபட்டிருக்கின்றனவா? கப்பலின் எரியெண்ணெய்த் தொட்டி எந்த ஹோல்டை ஒட்டியிருக்கிறது? அந்த எண்ணெயைச் சூடாக்கித்தான் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். ஒட்டியிருக்கும் தகடு சூடேறினால் அதன் மேல் கிடக்கும் நிலக்கரியும் சூடேறும். சரக்குக் காகிதங்களில் எங்கும் எழுதியிருக்காத இந்த ஒரு விஷயத்துக்குக் கப்பலின் வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கலிமந்தானில் பல இடங்களில் கரையில் ஏற்றுவதில்லை. நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் பார்ஜ் என்ற தட்டைப் படகில் நிலக்கரி வரும், மிதக்கும் கிரேனோ கப்பலின் சொந்தக் கிரேனோ அள்ளும். சொந்தக் கிரேன் என்றால் ஒவ்வொரு கிரேனின் கம்பிவடச் சான்று, ஆண்டுச் சோதனை, ஐந்தாண்டு எடைச் சோதனை எல்லாம் உயிருடன் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டால் ஏற்றும் நாட்கள் கூடும். அறுந்த வடம் ஆளையும் கொல்லும்.

ஹேட்ச் கவர்

நிலக்கரி, தாது போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியரில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஹேட்ச் கவரைப் பாருங்கள். ஹோல்டின் வாயை மூடும் அந்த எஃகுக் கதவு தண்ணீரை உள்ளே விடாமல் காக்கிறது. நிலக்கரிக்கு அது காற்றையும் தடுக்க வேண்டும். உள்ளே கசியும் காற்றே சூடேறலுக்குத் தீனி. டெர்பிஷைர் மூழ்கியதைப் பற்றிய விசாரணைகள் முன்புறத் தளத் திறப்புகள் வழியாக நீர் புகுந்ததையும், முன்பகுதி தாழ்ந்தபின் முதல் ஹேட்ச் கவர் அலையின் எடையில் நொறுங்கியதையுமே காரணமாகச் சுட்டின.

கசிவு எங்கே வருகிறது என்றால், கதவு அமரும் ரப்பரில். கதவை மூடும்போது கீழே உள்ள எஃகு விளிம்பு ரப்பரை அழுத்தும். ஆண்டுக்கணக்கில் அழுந்திய ரப்பரில் நிரந்தரப் பள்ளம் விழும், அதன்பின் அது எதிர்த்து அழுத்தாது. மூலைத் துண்டுகள் முதலில் போகும். கதவின் எடையைத் தாங்கும் பட்டைகள் தேய்ந்தால் கதவு அளவுக்கு மீறிக் கீழே இறங்கி ரப்பரை நசுக்கும். இதைப் பார்க்காமல் ரப்பரை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் பழைய கதைதான். மேலே ஃபோம் ஒட்டியும் டேப் சுற்றியும் இருந்தால், கசிகிறது என்று மாலுமிகளுக்கே தெரிந்திருக்கிறது.

சோதிக்க இரண்டு வழிகள். ஒன்று, தண்ணீர் பீய்ச்சுவது: குறைந்தது 12 மில்லிமீட்டர் முனை, 2 பார் அழுத்தம், ஒன்றரை மீட்டருக்கு மிகாத தூரம். ஹோல்டு காலியாக இருந்தால்தான் உள்ளே எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க முடியும். இன்னொன்று அல்ட்ராசவுண்ட். உள்ளே ஒலிக்கருவியை வைத்து, கதவைத் திறந்துவைத்து ஓர் அளவு எடுப்பார்கள். பிறகு மூடி இறுக்கி, விளிம்பு நெடுக அளப்பார்கள். மூடிய அளவு திறந்த அளவில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக அழுந்தவில்லை. தண்ணீர் ஒழுகுமுன்பே பலவீனத்தைக் காட்டிவிடும் என்பதால் அல்ட்ராசவுண்ட் மேல். செலவும் நேரமும் சற்றுக் கூடும்.

ஆள் ஏறிப் பார்ப்பது

காகிதத்தில் தெளியாத சந்தேகம் இருந்தாலோ கப்பலுக்கு வயதாகியிருந்தாலோ இன்ஸ்பெக்டரை அனுப்ப வேண்டும். டேங்கர் உலகில் இது பழகிய நடைமுறை. எண்ணெய் நிறுவனங்களின் அமைப்பான ஓசிஐஎம்எஃப் 1993 முதல் சைர் என்ற பொது ஆய்வு அறிக்கைகளை நடத்துகிறது. 2024 செப்டம்பரில் அதன் இரண்டாம் வடிவம் நடைமுறைக்கு வந்தது. உலர்சரக்கில் அதிகம் பயன்படுவது ரைட்ஷிப். பிஎச்பியும் ரியோ டின்டோவும் 2001-இல் தொடங்கி, 2006-இல் கார்கிலும் சேர்ந்த நிறுவனம். ஒவ்வொரு கப்பலுக்கும் 0 முதல் 5 வரை பாதுகாப்பு மதிப்பெண் தருகிறது. ஆள் ஏறிச் செய்யும் உடல் ஆய்வைக் கேட்கும் கப்பல் வயது வரம்பைக் குறைத்ததும் இவர்கள்தான். அந்த மதிப்பெண்ணைப் பார்க்கலாம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. பழைய பதிவுகளைக் கூட்டிக் கணக்கிட்ட எண் அது. நம் நிலக்கரி எந்தத் தொட்டியை ஒட்டிக் கிடக்கும் என்று அதற்குத் தெரியாது.

ஆய்வுக்கு ஏற்ற இடம், கப்பல் முந்தைய சரக்கை இறக்கும் துறைமுகம். ஹோல்டு காலியாகும்போது ஃபிரேம்களின் அடிப்பகுதி தெரியும். சரக்கு அள்ளும் கிராப் இடித்து வளைப்பதும் துரு தின்பதும் அங்கேதான். ஏற்றும் துறைமுகத்தில் போய்ப் பார்த்தால் குறை கண்டாலும் கையைப் பிசைய வேண்டியதுதான், பார்ஜுகள் வரிசையில் நிற்கும்.

நல்ல இன்ஸ்பெக்டர் பெயிண்டைப் பார்த்து மயங்க மாட்டார். அவசர ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் மின்சாரம் தருகிறதா என்று ஓட்டிக் காட்டச் சொல்வார். ஹோல்டில் தண்ணீர் புகுந்தால் அலறும் சென்சாரைத் தூண்டிப் பார்ப்பார். லைஃப்போட் கொக்கியை விடுவிக்கும் முறையைக் கையேட்டைப் பார்க்காமல் சொல்லும்படி இளைய அதிகாரியைக் கேட்பார். ஓய்வுநேரப் பதிவேட்டை எடுத்து, கப்பல் துறைமுகத்தில் நுழைந்த இரவின் லாக் புத்தகத்தோடு ஒப்பிடுவார். விதிப்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணியும், ஏழு நாளில் 77 மணியும் ஓய்வு வேண்டும். எல்லோரும் தினமும் சொல்லிவைத்தாற்போல் எட்டிலிருந்து ஐந்து வரை வேலை செய்ததாகப் பதிவு இருக்க, அதே இரவு இரண்டு மணிக்குக் கப்பலைத் துறைமுகத்தில் கயிறு போட்டு நிறுத்தியிருந்தால் அந்தப் பதிவேடு மேசையில் உட்கார்ந்து நிரப்பியது. ஒரு புத்தகத்தில் பொய் எழுதும் கப்பலில் மற்றப் புத்தகங்களையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

சம்பளப் பாக்கி உண்டா என்றும் மாலுமிகளிடம் தனியாகக் கேட்பது நல்லது. சம்பளம் தராத ஓனர் உதிரிபாகமும் வாங்கியிருக்க மாட்டார்.

முடிவும் ஒப்பந்தமும்

பேரம் பேசும்போதே ‘சார்ட்டரரின் வெட்டிங் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்ற நிபந்தனையைப் போட்டுவைக்க வேண்டும். தொழிலில் கப்பல் ‘சப்ஸில் இருக்கிறது’ என்பார்கள். நிபந்தனையை நீக்கிவிட்டபின் குறை தெரிந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விடும், நஷ்ட ஈட்டு வழக்குதான் மிஞ்சும். அதனால் சப்ஸ் நீக்கும் நேரத்தை வெட்டிங் பிரிவைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். காகிதச் சோதனைக்குச் சில மணி நேரம் போதும். உடல் ஆய்வு என்றால் கப்பல் துறைமுகம் சேரும்வரை காத்திருக்க வேண்டும். வாடகைப் பிரிவும் வெட்டிங் பிரிவும் ஒரே மேலாளரிடம் இருந்தால் அரை டாலர் மிச்சம் பெரும்பாலும் ஜெயித்துவிடும். இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது.

கப்பலின் பெயருக்குப் பின்னால் ‘அல்லது மாற்றுக் கப்பல்’ என்ற சொற்றொடர் இருக்கிறதா என்றும் பார்க்கவும். இருந்தால், மாற்றுக் கப்பலும் அதே சோதனைக்கு உட்பட்டது என்று கூடவே எழுத வேண்டும். பயணம் முடியும்வரை கிளாஸ், காப்பீடு, கொடி, மேனேஜர் மாறக் கூடாது, மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற வாக்குறுதியும் வேண்டும்.

‘ஆம்’, ‘இல்லை’ தவிர மூன்றாவது பதிலும் உண்டு: இந்தக் குறைகளைத் தீர்த்தால் ஆம். வாயு அளக்கும் கருவியைச் சான்றோடு மாற்று, இரண்டாவது ஹேட்ச்சின் ரப்பரை மாற்றி அல்ட்ராசவுண்ட் அறிக்கை அனுப்பு என்று தேதியோடு எழுதலாம். கேட்டதை இரண்டு நாளில் செய்து படத்தோடு அனுப்புகிற மேனேஜர் யார், சாக்குச் சொல்கிறவர் யார் என்பது அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒப்புதல் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும். கையெழுத்துக்கும் ஏற்றும் நாளுக்கும் இடையே மூன்று வாரம் இருந்தால், அதற்குள் கப்பல் வேறொரு துறைமுகத்தில் பிடிபட்டிருக்கலாம், கேப்டன் மாறியிருக்கலாம். கப்பல் தயார் என்று அறிவிப்பு வரும் அன்று ஐஎம்ஓ எண்ணை இன்னொருமுறை தட்டிப் பார்க்கவும். தூத்துக்குடியில் சரக்கு இறங்கியபின் கிரேன் எத்தனை மணி நேரம் நின்றது, எந்த ஹோல்டில் கார்பன் மோனாக்சைடு ஏறியது, எங்கே நிலக்கரி நனைந்திருந்தது என்று ஏஜெண்டிடம் கேட்டு அதே எண்ணின் கீழ்க் கோப்பில் சேர்க்க வேண்டும். மறுத்த கப்பல்களுக்கும் காரணத்தோடு ஒரு கோப்பு வேண்டும். அவை பெரும்பாலும் ஆறு மாதத்தில் வேறு பெயரில், வேறு புரோக்கர் வழியாக மறுபடியும் வரும்.